மாநிறத்துக்கு எந்தப் பென்சில்?

உருவப்படம் வரையக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் எந்தப் பென்சில் வாங்கலாம் என்று கேட்கிறார்கள். எந்தப் புகைப்படத்தைப் பார்த்து வரையப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். படம் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. அதைக் கவனிக்காமல் நல்ல தாளையும் விலை உயர்ந்த பென்சிலையும் வாங்கி வைத்துக்கொண்டு, வாரக்கணக்கில் உழைத்தும் ஆள் அடையாளம் வரவில்லையே என்று மனம் உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கையில் குறை ஏதும் இல்லை. அந்தப் புகைப்படத்தில் முகம் இருந்ததே தவிர, வரைவதற்கான தகவல் இல்லை.

நம் ஊரில் பென்சில் உருவப்படம் கேட்டு வருகிறவர்களில் பலர் இறந்துபோனவருக்காக வருகிறார்கள். பதினாறாம் நாள் படத்திறப்புக்குள் வேண்டும் என்பார்கள். கொண்டுவருவது வாக்காளர் அடையாள அட்டையில் இருக்கும் கட்டைவிரல் அளவுப் படமாக இருக்கும். இல்லாவிட்டால் யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த குழுப்படத்தில் மூன்றாவது வரிசையில், முன்னால் நிற்பவரின் தோள் பாதி முகத்தை மறைத்திருக்கும். வாழ்நாள் முழுக்க உழைத்த ஒரு மனுஷிக்கு, முகம் தெரியும் நல்ல படம் ஒன்றுகூட எடுத்து வைக்கப்படவில்லை என்பது அந்த நேரத்தில்தான் வீட்டாருக்கு உறைக்கிறது. இந்த வேலையின் கனம் எனக்குப் புரிந்தது அப்படிப்பட்ட படங்களின் வழியாகத்தான். ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவர்களை இந்த வாரமே ஒரு நல்ல படம் எடுத்து வையுங்கள். வரைகிறீர்களோ இல்லையோ, எடுத்து வையுங்கள்.

நல்ல படம் என்று எதைச் சொல்கிறேன்? ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும் படம். காலை பத்து மணிக்குத் திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ உட்கார வைத்து, முகத்தின் ஒரு பக்கம் ஒளியிலும் மறுபக்கம் மென்மையான நிழலிலும் இருக்கும்படி எடுத்தால் போதும். மூக்கின் பக்கவாட்டுச் சரிவு, கண் குழியின் ஆழம், கன்ன எலும்பின் திருப்பம் எல்லாம் நிழலால்தான் நமக்குத் தெரிகின்றன. கேமராவில் இருக்கும் ஃபிளாஷ் நேராக முகத்தில் அடிக்கும்போது நிழல்கள் எல்லாம் முகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. மூக்கு என்று மிஞ்சுவது இரண்டு துளைகள்தான். அந்தப் படத்தை வரைபவர் மூக்கைக் கற்பனை செய்தாக வேண்டும். அப்படிக் கற்பனை செய்த மூக்கு யாருடைய மூக்காகவோ ஆகிவிடும்.

அடுத்தது தூரம். செல்பேசியை முகத்துக்கு அருகில் பிடித்து எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகவும் காதுகள் சிறிதாகவும் தெரியும். லென்ஸைக் குறை சொல்வார்கள். உண்மையில் அது தூரத்தின் வேலை. மூக்கு நுனி கேமராவுக்கு மிக அருகில் இருக்கிறது, காது அதைவிடக் கணிசமான தொலைவில் இருக்கிறது. அருகில் இருப்பது பெரிதாக விழுகிறது. போரிஸ் பாஸ்கோவர் என்ற அமெரிக்க மருத்துவரும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். 5 அடி தூரத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகத் தோன்றும் என்பது அவர்களுடைய கணக்கு. அந்தப் படத்தை அளவு பிசகாமல் வரைந்து கொடுத்தாலும், வீட்டில் இருப்பவர்கள் "அப்பா மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் அப்பா இல்லை" என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. அவர்கள் அந்த மூக்கை ஓர் அடி தூரத்திலிருந்து பார்த்து வாழவில்லை. ஐந்தாறு அடி தள்ளி நின்று எடுத்து, பிறகு முகத்தை மட்டும் பெரிதாக்கிக்கொள்வது நல்லது.

பழைய ஸ்டுடியோ படம் கிடைத்தால் பலர் மகிழ்ந்துபோகிறார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான், ஆனால் அந்தப் படத்தை அப்படியே நம்ப மாட்டேன். கறுப்பு வெள்ளைக் காலத்தில் ஸ்டுடியோக்களில் 'டச்சிங்' என்று ஒரு தனி வேலை இருந்தது. நெகட்டிவின் மீது பென்சில் பிடிப்பதற்காக ஒரு மெல்லிய பிசின் பூச்சைத் தடவி, பின்னாலிருந்து வெளிச்சம் வரும் சாய்மேசையில் வைத்து, ஊசி போலச் சீவிய கடினப் பென்சிலால் முகச் சுருக்கங்களை நிரப்புவார்கள். அச்சில் கறுப்பாக விழ வேண்டிய சுருக்கம் நெகட்டிவில் தெளிந்த கோடாக இருக்கும். அங்கே பென்சில் ஏறினால் ஒளி தடைபடும், அச்சில் அந்த இடம் வெளுக்கும். முகத்தையே இரண்டு சுற்று வெளுத்துக் கொடுக்க முடியும். ஆகவே நாம் இன்று பென்சிலால் பிரதி எடுக்கும் பல தாத்தா பாட்டி படங்களில் ஏற்கெனவே இன்னொருவருடைய பென்சில் ஓடியிருக்கிறது. அந்தக் கைவேலையின் நுட்பம் என்னை வியக்க வைக்கிறது. அது மறைத்துவிட்ட தோலைத் தேடவும் வைக்கிறது. இன்றைய செல்பேசிகளில் அழகூட்டும் வசதி அதே வேலையை யாரும் கேட்காமலேயே செய்கிறது. வரைவதற்காக எடுக்கும்போது முதலில் அதை அணைத்துவிடுங்கள்.

கிடைத்த படங்களை எல்லாம் மேசையில் பரப்பி வைத்துப் பாருங்கள். வடிவ அளவுகளுக்கு ஒரு படம், தோலின் தன்மைக்கு ஒரு படம், சிரிக்கும்போது கன்னம் மடியும் விதத்துக்கு ஒரு படம் என்று பல படங்கள் உதவும். ஆனால் ஒளியை மட்டும் ஒரே படத்திலிருந்து எடுக்க வேண்டும். நெற்றியில் இடப்பக்க வெளிச்சமும் தாடையில் வலப்பக்க வெளிச்சமும் விழுந்தால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் முகம் பொய் சொல்வது தெரிந்துவிடும்.

பென்சில் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பென்சிலுக்குள் இருப்பது ஈயம் இல்லை, கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்த கலவை. 1795இல் நிக்கோலா-ழாக் கோன்டே என்ற பிரெஞ்சுக்காரர் காப்புரிமை பெற்ற முறை இது. களிமண் கூடினால் கடினமாகி மங்கலாக எழுதும், அது எச் வரிசை. கிராஃபைட் கூடினால் மென்மையாகிக் கறுப்பாக எழுதும், அது பி வரிசை. தொடங்குபவருக்கு 2எச், எச்பி, 2பி, 4பி, 8பி ஆகிய ஐந்தே போதும். நம் ஊர்க் கடையில் கிடைக்கும் அப்சரா, கேம்லின் வரைபடப் பென்சில்களிலேயே நல்ல படம் வரையலாம். தாளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நோட்டுத் தாளும் சார்ட் தாளும் இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் கிராஃபைட்டைத் தாங்காது. வழவழப்பான, கனமான கேட்ரிட்ஜ் தாள் அல்லது பிரிஸ்டல் தாள் வேண்டும். கூடவே பிசைந்து வடிவம் மாற்றக்கூடிய அழிப்பான் ஒன்று. இது தவறைத் திருத்தும் பொருள் மட்டும் இல்லை, வெளிச்சத்தை வரையும் கருவி.

அளவெடுப்புக்கு வருவோம். படத்தின் மீதும் தாளின் மீதும் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக வரைவது நம் ஊர்ப் பதாகை ஓவியர்கள் பல தலைமுறையாகச் செய்த வேலை. அதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. கட்டம் போடுகிறவனுக்கு வரையத் தெரியாது என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சில் சிறிதும் உடன்பாடு இல்லை. இத்தாலியக் கலை அறிஞர் ஆல்பெர்ட்டி 1435இலேயே, நூல் கட்டங்கள் ஓடிய மெல்லிய துணித்திரை வழியாகப் பார்த்து வரையும்படி ஓவியர்களுக்கு எழுதி வைத்தார். ஜெர்மனிய ஓவியர் டியூரர் கட்டச் சட்டத்தின் வழியாகப் பார்த்து வரையும் கருவியைப் படமாகவே வரைந்திருக்கிறார். அமெரிக்க ஓவியர் சக் குளோஸ் 1967–68இல் தன் சொந்த முகத்தை ஏறக்குறைய 9 அடி உயரத்துக்கு வரைந்தது புகைப்படத்தின் மீது போட்ட கட்டங்களிலிருந்துதான். அவருக்கு முகங்களை அடையாளம் காண முடியாத குறைபாடு இருந்தது. எதிரில் நிற்பவரின் முகம் மனத்தில் நிற்காத அவருக்கு, அதைத் தட்டையான படமாக்கிக் கட்டம் கட்டமாகப் பிரித்தபோது அது நிலைத்தது. முகத்தை வரையக் கற்பவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அது.

ஆனாலும் கட்டத்தோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் கட்டத்தின் அளவைப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். பிறகு நடுக்கோடும் கண்கோடும் மட்டும் போதும் என்ற நிலை வரும். வளர்ந்தவர் முகத்தில் உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் சரிபாதியில் கண்கள் இருக்கின்றன. புதிதாக வரைகிறவர் எல்லாரும் கண்ணை மேலே தூக்கி வைத்து நெற்றியைச் சுருக்கிவிடுவார்கள். குழந்தை முகத்தில் கண்கள் பாதிக்கும் கீழே இருக்கும். காது, புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் இடையில் அமரும். வயதானவர்களுக்குக் காதும் மூக்கும் தாழ்ந்து நீண்டிருக்கும். தென்மாவட்டங்களில் பாம்படம் என்ற கனத்த காதணி அணிந்த பாட்டிகளின் காது மடலுக்கு எந்தப் பொது விதியும் பொருந்தாது, அதைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். இந்த விதிகள் எல்லாம் எந்த இடத்தில் இந்த முகம் விதியை மீறுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் உதவுகின்றன. ஒருவரை அவராக்குவது அந்த மீறல்தான். மூக்கின் அடிக்கும் மேலுதட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி, இமைக்கும் புருவத்துக்கும் இடையே உள்ள இடைவெளி ஆகிய இரண்டையும் சரியாக வைத்துவிட்டால் சாயல் பாதி வந்துவிடும்.

தலைகீழாக வைத்து வரைவதை நான் எல்லாருக்கும் சொல்கிறேன். புகைப்படத்தையும் தாளையும் சேர்த்தே திருப்பி வைக்க வேண்டும். 1980இல் இங்கிலாந்தின் பீட்டர் தாம்ப்சன் என்ற உளவியலாளர் ஒரு சோதனைப் படம் செய்தார். மார்கரெட் தாட்சரின் புகைப்படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாக ஒட்டினார். நேராகப் பார்த்தால் அது கோரமான முகம். முழுப் படத்தையும் தலைகீழாகத் திருப்பிவிட்டால் ஏறக்குறைய சாதாரணமாகத் தெரியும். நேராக இருக்கும் முகத்தை மூளை ஒரே வீச்சில் முழுதாக வாசிக்கிறது, தலைகீழான முகத்தை அப்படி வாசிக்க முடியவில்லை. வரைபவருக்கு இதில் பெரிய லாபம் இருக்கிறது. நேராக இருக்கும்போது கண் என்ற எண்ணமே முந்திக்கொண்டு வந்து, சிறுவயதில் வரைந்த மீன் வடிவக் கண்ணைக் கையில் திணிக்கிறது. திருப்பி வைத்தால் அங்கே ஒரு கறுப்பு வடிவமும் அதன் பக்கத்தில் ஒரு சாம்பல் வடிவமும் மட்டுமே இருக்கின்றன. அவற்றை அப்படியே வரைந்துவிட்டு நேராகத் திருப்பினால் அந்த மனிதர் பார்த்துக்கொண்டிருப்பார்.

கோடுகள் சரியாக அமைந்த பிறகுதான் உண்மையான கல்வி தொடங்குகிறது. எந்த இடம் எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்று பார்க்கும் கல்வி அது. கண் இந்த விஷயத்தில் நம்ப முடியாத சாட்சி. எட்வர்ட் ஏடல்சன் என்ற விஞ்ஞானி 1995இல் ஒரு சதுரங்கப் பலகைப் படத்தை வெளியிட்டார். பலகையின் மீது ஓர் உருளையின் நிழல் விழுகிறது. நிழலுக்கு வெளியே இருக்கும் கறுப்புக் கட்டமும் நிழலுக்குள் இருக்கும் வெள்ளைக் கட்டமும் துல்லியமாக ஒரே சாம்பல் நிறம். மற்ற இடத்தை மூடிவிட்டு இரண்டை மட்டும் பார்க்கும்வரை யாராலும் நம்ப முடியாது. முகத்திலும் இதேதான் நடக்கிறது. கண்ணின் வெள்ளைப் பகுதி என்ற பெயரை நம்பி அதை வெள்ளையாகவே விட்டுவிடுகிறார்கள். மேலிமையின் நிழலில் இருக்கும் அந்தப் பகுதி பல படங்களில் நெற்றியைவிட இருட்டாக இருக்கும். பல்லும் அப்படியே. வாயோரப் பற்கள் கன்னத்தைவிட இருண்டிருக்கும்.

இதற்கு மிக எளிய வழி ஒன்று உண்டு. அலுவலகத்தில் தாளில் ஓட்டை போடும் பஞ்சிங் கருவியால் இரண்டு வெள்ளை அட்டைத் துண்டுகளில் தலா ஓர் ஓட்டை போடுங்கள். ஒன்றைப் புகைப்படத்தின் மீதும் மற்றொன்றை உங்கள் வரைபடத்தில் அதே இடத்தின் மீதும் வையுங்கள். சுற்றியிருப்பது மறைந்துபோய் இரண்டு சாம்பல் புள்ளிகள் மட்டும் தெரியும். எது இருட்டு, எது வெளிச்சம் என்று அப்போது கண்ணால் பொய் சொல்ல முடியாது. கூடவே தாளின் ஓரத்தில், தாளின் வெண்மையிலிருந்து 8பி தரும் முழுக் கறுப்புவரை ஒன்பது படிகளில் ஒரு சாம்பல் பட்டை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, நெற்றி எத்தனையாவது படி, கன்னத்தின் நிழல் எத்தனையாவது படி என்று எழுதிவிட்டுத் தொடங்கினால் படம் பாதியில் வழிதவறாது.

இந்தப் பட்டையை வைத்து அளந்தவுடன் நம் முகங்களைப் பற்றி ஓர் உண்மை தெரிகிறது. இணையத்தில் கிடைக்கும் உருவப்படப் பாடங்களில் பெரும்பகுதி வெள்ளைத் தோலுக்கானவை. தாளின் வெண்மையையே தோலாக விட்டுவிட்டு, நிழலில் மட்டும் கொஞ்சம் சாம்பல் பூசினால் அந்த முகம் முடிந்துவிடும். அதே பாடத்தைக் கற்றுக்கொண்டு வந்து நம் பாட்டியை வரைகிறோம். பாட்டியின் நெற்றி ஒளியிலேயே ஐந்தாவது படியில் இருக்கிறது; நிழலில் ஏழுக்கு இறங்குகிறது. பாடத்தில் சொன்னபடி அதை இரண்டிலும் நான்கிலும் வரைந்தால் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி வந்து உட்கார்ந்துவிடுகிறாள். சாயல் ஏன் வரவில்லை என்று மூக்கையும் வாயையும் அழித்து அழித்துத் திருத்துவார்கள். மூக்கும் வாயும் சரியாகத்தான் இருக்கும். நிறத்தை எடுத்துவிட்டதால் ஆள் போய்விட்டாள்.

வெள்ளைத் தோலை நோக்கிய இந்தச் சாய்வு கேமராவுக்குள்ளும் இருந்திருக்கிறது. வண்ணப் படங்களை அச்சிடும் கூடங்களுக்குக் கோடக் நிறுவனம் அனுப்பிய அளவுகோல் அட்டைகளில் வெகுகாலம் வெள்ளைத் தோல் கொண்ட பெண்ணின் படமே இருந்தது. ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் இந்த வரலாற்றை எழுதினார். சாக்லேட் தயாரிப்பாளர்களும் மரச்சாமான் தயாரிப்பாளர்களும் தங்கள் பழுப்பு நிற வேறுபாடுகள் படத்தில் சரியாக வரவில்லை என்று முறையிட்டதுதான் ஃபிலிமை மேம்படுத்தத் தூண்டியது என்று அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. மனிதர்களின் முகத்துக்காக அந்த மாற்றம் தொடங்கவில்லை என்பதை எப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வரும். இன்றும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வெயிலில் நிற்கும் தாத்தாவைத் தானியங்கிக் கேமரா எடுத்தால், சட்டையின் வெண்மைக்குப் பயந்து ஒளியைக் குறைத்துவிடும். முகம் கறுப்புத் திட்டாகிவிடும். அப்படிப்பட்ட படத்தை வரையும் முன், செல்பேசியின் திருத்தும் வசதியில் நிழல் பகுதியை மட்டும் சற்று உயர்த்திப் பாருங்கள். தொலைந்துபோனதாக நினைத்த கன்னமும் கண்ணும் பெரும்பாலும் உள்ளே இருக்கும்.

கறுத்த தோலை வரைவதில் எனக்கு இருக்கும் ஆசை தனி. தோலின் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். தோலுக்குள் புகுந்து சிதறித் திரும்பும் ஒளிதான், தோலுக்கு நிறம் தரும் மெலனின் கூடக் கூடக் குறைகிறது. அதனால் கறுத்த முகத்தில் நெற்றி மேடு, மூக்கு நுனி, கன்ன எலும்பு, கீழுதடு ஆகிய இடங்களின் பளபளப்பு கூர்மையாக எடுத்து நிற்கிறது. எலும்பின் அமைப்பை அந்த ஒளித்திட்டுகளே சொல்லிவிடும். வெள்ளைத் தோலை நிழலைக் கொண்டு வரைகிறோம் என்றால், மாநிறத்தையும் கறுப்பையும் ஒளியைக் கொண்டு வரைகிறோம். மூலையில் ஒரு ஜன்னல், அதன் பக்கத்தில் ஒரு கறுத்த பெண் என்றால் அதைவிட நல்ல பாடம் ஒரு மாணவருக்குக் கிடைக்காது. கும்பகோணம் பக்கத்துச் செம்பியவரம்பலில் பிறந்து, 2021இல் கொரோனாவில் நம்மை விட்டுப் போன ஓவியர் எஸ். இளையராஜாவின் எண்ணெய் வண்ண ஓவியங்களைப் பாருங்கள். அடுப்படியிலும் வாசற்படியிலும் நிற்கும் நம் பெண்களின் தோலில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்பதை அவர் அளவுக்குக் காதலோடு பார்த்தவர்கள் குறைவு. புகைப்படமோ என்று பலர் மயங்கிய ஓவியங்கள் அவை.

செய்முறையைச் சொல்கிறேன். தலைப்பில் இருக்கும் கேள்விக்குப் பதில், ஒரு பென்சிலால் முடியாது என்பதுதான். முதலில் 2எச் கொண்டு, சிறு சிறு வட்டங்களாக, கையை அழுத்தாமல், முகம் முழுவதும் ஒரு சீரான அடுக்கு போட வேண்டும். கண்ணில் தெறிக்கும் ஒளிப்புள்ளியையும் ஈரம் மின்னும் இடங்களையும் மட்டும் வெண்மையாக விட்டுவிடுங்கள். அதன் மீது எச்பி, பிறகு 2பி. ஒவ்வோர் அடுக்கும் முந்தைய அடுக்கின் துளைகளை நிரப்பும். நிழல் வடிவங்களுக்கு 4பி. மூக்குத் துளை, கண்மணி, உதடுகள் சேரும் கோடு, முடியின் அடி ஆகியவற்றுக்கு மட்டும் 8பி. பொறுமை இழந்து எடுத்தவுடன் 6பியால் தேய்த்தால் தாளின் மேடுகளில் மட்டும் கறுப்பு ஒட்டிக்கொண்டு தோல் சொரசொரப்பாகிவிடும். இடையில் தெரியும் வெள்ளைப் புள்ளிகளை எதைக் கொண்டும் மறைக்க முடியாது. அடுக்குகள் முடிந்த பிறகு, பிசைந்த அழிப்பானைக் கூராக்கி, கன்ன எலும்பின் மீது ஒற்றி ஒற்றி எடுத்தால் பளபளப்பு மெல்ல மேலெழும். தேய்க்காதீர்கள், ஒற்றுங்கள்.

விரலால் தேய்த்து மென்மையாக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். விரலின் எண்ணெய்ப் பசை தாளில் இறங்கி, பின்னால் கறையாகத் தெரியும். மெல்லிய தூரிகையோ டிஷ்யூ தாளோ போதும். நம் வெயிலில் உள்ளங்கை வியர்க்கும், ஆகவே கைக்கு அடியில் எப்போதும் ஒரு தாள் இருக்க வேண்டும்.

கிராஃபைட்டுக்கு ஒரு குணம் உண்டு. அதன் துகள்கள் தட்டையான செதில்கள். அழுத்தி அடுக்கினால் கண்ணாடி போல மின்னத் தொடங்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மிகக் கறுப்பாக வரைந்த இடமே வெள்ளி போலத் தெரியும். கறுத்த முகங்களில் அடர்ந்த பகுதி அதிகம் என்பதால் இந்தத் தொல்லையும் அதிகம். ஸ்டெட்லரின் லூமோகிராஃப் பிளாக், ஃபேபர்-காஸ்டெலின் பிட் கிராஃபைட் மேட் போன்ற மினுக்கம் குறைந்த பென்சில்கள் இதற்காகவே வந்திருக்கின்றன. விலை கூடுதல்தான், ஆனால் ஒரே ஒரு 8பியை மட்டும் அப்படி வாங்கிக்கொண்டாலே போதும். கரிப் பென்சிலைக் கிராஃபைட்டின் மீது போட்டுச் சமாளிக்க முடியாது. மெருகேறிய இடத்தில் கரி வழுக்கும்.

முடிக்கும் தோலுக்கும் இடையே தூரம் வைப்பதில் கவனம் வேண்டும். தோல் ஏழாவது படியில் இருந்தால், அதற்குக் கீழே முடிக்கு இரண்டே படிகள் மிச்சம். ஆகவே முடியைக் கறுப்பாக்குவதைவிட, அதில் எண்ணெய் மின்னும் பட்டைகளை விட்டுவைத்தால் இரண்டும் பிரிந்து நிற்கும். பின்னணியையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். முகத்துக்குப் பின்னால் அடர்ந்த சாம்பல் போட்டால் அதே தோல் ஒளிவிடும். முடியை இழை இழையாக வரையத் தொடங்குகிறவர்கள் களைத்துப்போவார்கள். படிய வாரிய தலையை ஒரு திரண்ட வடிவமாகப் பார்த்து, நிழல் திட்டு, ஒளித் திட்டு என்று பிரித்து, ஓரத்தில் மட்டும் சில இழைகளைப் பறக்க விடுவதே அழகு.

நம் முகங்களில் இருக்கும் சில பொருள்களை எந்த வெளிநாட்டுப் பாடமும் சொல்லித்தராது. நெற்றியைக் கறுக்கப் பூசி முடித்த பிறகு அதன் மீது திருநீற்றை வரைய முடியாது. நெற்றிக்கு முதல் அடுக்கு போடும்போதே அந்த மூன்று பட்டைகளையும் ஒதுக்கி வைக்க வேண்டும், அல்லது முனை மெலிந்த அழிப்பானால் கடைசியில் இழுத்து எடுக்க வேண்டும். அழித்து எடுத்ததே எனக்குப் பிடிக்கும். காய்ந்த நீறு தோலின் வரிகளில் உதிர்ந்து நிற்கும் அந்தச் சொரசொரப்பு தானாக வந்துவிடும். குங்குமம் கறுப்பு வெள்ளையில் அடர்ந்த சாம்பலாகத்தான் விழும். சிவப்பொளியை உணராத பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமில் எடுத்த படம் என்றால் அது ஏறக்குறைய கறுப்பாகவே இருக்கும், உதடுகளும் உள்ளதைவிட இருண்டிருக்கும். அங்கே புகைப்படத்தைவிடச் சற்று இளக்கி வரையலாம். மூக்குத்திக்கு வெளிக்கோடு வேண்டாம். ஒரு வெள்ளைப் புள்ளி, அதன் கீழே கன்னத்தில் விழும் சின்ன நிழல், அவ்வளவே. மல்லிகைச் சரத்தில் ஒவ்வொரு பூவையும் வரையாமல், பூக்களுக்கு இடையே இருக்கும் இருட்டை வரையுங்கள். பல்லுக்கும் இதே வழிதான். பற்களுக்கு நடுவே கோடு போட்டால் சிரிப்பு கடுமையாகிவிடும்.

புகைப்படத்தைப் பார்த்து வரைவது கலையா என்ற வாதத்தில் எனக்கு நீண்ட பேச்சு இல்லை. இறந்தவரை எதிரில் உட்கார வைக்க முடியாது. ஆனால் உயிரோடு இருப்பவர்களையும் வரைந்து பழகாதவர்களுக்குப் புகைப்படம் எங்கே பொய் சொல்கிறது என்று தெரியாது. தாடைக்குக் கீழே சட்டைக் காலரிலிருந்து எதிரொளிக்கும் மங்கிய வெளிச்சத்தைக் கேமரா பல நேரம் கறுப்பாக விழுங்கிவிடும். நேரில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அங்கே இருக்க வேண்டும் என்று தெரியும். ஓவியர் சில்பி தென்னாட்டுக் கோயில்களுக்கு நேரில் போய் உட்கார்ந்து சிற்பங்களை வரைந்தார். கல்லுக்கே அந்த மரியாதை தேவைப்பட்டது என்றால், ரத்தமும் சதையுமான முகத்துக்கு எவ்வளவு வேண்டும்! தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாவையும் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் அத்தையையும் சின்ன நோட்டில் வரைந்துகொண்டே இருங்கள்.

படம் கேட்டு வருகிறவர்கள், கிளம்பும்போது வாசலில் நின்று சொல்வது ஒன்று உண்டு. "அம்மா கொஞ்சம் கறுப்புதான் தம்பி. நீங்கள் பார்த்து நிறமாகப் போட்டுவிடுங்கள்." அன்பினால் சொல்கிறார்கள். அம்மாவுக்கு ஊர் தராத ஒரு மதிப்பைப் படத்திலாவது வாங்கிக் கொடுக்க நினைக்கிறார்கள். நான் அவர்களிடம் வாதாடுவதில்லை. "முதலில் உள்ளபடி வரைகிறேன் ஐயா, பாதியில் வந்து பாருங்கள்" என்று சொல்லிவிடுவேன். கண்ணும் நெற்றியும் முடிந்து, கன்னத்தில் ஒளி ஏறிய நிலையில் அவர்களைக் கூப்பிடுகிறேன். கூட வாழ்ந்த ஒருவராவது வர வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன், ஏனென்றால் புருவம் எந்தப் பக்கம் சற்று மேலே நிற்கும், எந்தப் பக்கம் மெல்லுவார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அந்த நிலையில் வெளுக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தியதில்லை. ஒரு மகள் மட்டும், மூக்கின் ஓரத்தில் இருக்கும் அம்மைத் தழும்பை விட்டுவிட்டீர்களே என்று கேட்டாள். ஸ்டுடியோ படத்தில் அது இல்லை, டச்சிங்கில் போயிருந்தது. அவள் சொன்ன இடத்தில் அவள் பார்க்கவே தழும்பை வைத்தேன்.

படம் முடிந்ததும், கிராஃபைட் உதிராமல் நிலைநிறுத்தும் திரவத்தைத் தொலைவிலிருந்து மெலிதாக இரண்டு முறை தெளிக்க வேண்டும். சட்டம் போடும் கடையில் கண்ணாடி தாளைத் தொடாதபடி இடையில் ஒரு மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். தொட்டால் மழைக்காலத்தில் கிராஃபைட் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். படத்தின் பின்புறம் அவருடைய பெயர், பிறந்த ஊர், எந்தப் புகைப்படத்திலிருந்து வரைந்தது, அது எந்த ஆண்டு எடுத்தது என்று பென்சிலிலேயே எழுதிவிடுங்கள். மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, ஊதுபத்தி ஏற்றுகிற இடத்துக்கு நல்ல ஸ்கேன் எடுத்து அச்சிட்ட நகலைக் கொடுப்பது நல்லது. புகையும் ஈரமும் படாத, நேர்வெயில் விழாத சுவரில் மூலப் படத்தை மாட்டச் சொல்லுங்கள்.